ஒட்டுப்பால் சுற்றிய வால்

“நானா கட்டுனேன்? நல்ல கதையாட்டு இருக்கே டாக்டரே! சாக்குக்குள்ள இருந்தாக்கும் இதெ எடுத்தேன்.”

“சாக்கிலா? எந்தச் சாக்கு?”

“பிளாஸ்டிக் சாக்கு. பால் கவரும் ஷாம்பு பாட்டிலும் ஒக்கெ கெடக்குத சாக்கு.”

“அப்போ வாலில இது சுத்துனது ஆரு?”

“அதுதான் எனக்கும் அறியணும்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எப்சியை ஒருமுறை பார்த்தார். எப்சி போட்டிருந்த பச்சை மேலங்கியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு போகும் பஞ்சாயத்தின் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் போடும் மேலங்கி அது. அந்த மிருக ஆசுபத்திரிக்கு மாட்டோடும் ஆட்டோடும் வருகிறவர்கள்தான் அதிகம். இரும்பு மேசையின் நடுவில், பழைய துவர்த்துத் துண்டுக்குள், வெள்ளையில் மஞ்சள் திட்டு போட்ட அந்தப் பூனைக்குட்டி மேசையின் பரப்புக்குச் சம்பந்தமே இல்லாத சிறிய உருவமாகக் கிடந்தது. மனிதர்களின் குரல் கேட்கும்போதெல்லாம் ஒரு காதை மட்டும் திருப்பியது.

வால்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அடியிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு நாடா இறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது. அதற்கு மேலே வால் வீங்கியிருந்தது. கீழே, காய்ந்த முருங்கைக் குச்சிபோலக் கறுத்து மெலிந்து கிடந்தது.

டாக்டர் கத்தரியின் நுனியை நாடாவுக்கு அடியில் மெல்ல நுழைத்தார். நாடா எளிதில் அறுபடவில்லை. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. மயிரோடு மயிராக ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசிச் சுற்று கழன்றபோது உள்ளே கரும்பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. எப்சி குனிந்து மோந்து பார்த்தாள்.

“எதுக்கு எல்லாத்தையும் மோந்து பாக்குதிய?” என்று டாக்டர் சிரித்தார்.

“எலை டாக்டரே. என்னமோ எலை கசக்கி வெச்சிருக்கு.”

“எலை என்னத்தையெங்கிலும் ஆகட்டு. இதா, உள்ள இருக்குத முறிவு, இந்தக் காயம், செறுது. அது உணங்கத் தொடங்கியாச்சு. இறுக்கம் தான் பிரச்சினை. ரத்தம் கீழ போகல்ல. செத்துப்போச்சு. வெட்டணும்.”

“வெட்டுனா பொழைக்குமா?”

“பொழைக்கும். பக்ஷே ஒரு காரியம். வால் பிடிச்சு இழுபட்டிருந்தா நரம்புக்குக் கேடு வந்திருக்கும். தானாட்டு மூத்திரம் போவுதாண்ணு பாருங்க. போச்செங்கில் பேடிக்காண்டாம். போகல்லெங்கில் ஒடனே கொண்டு வரணும்.”

எப்சி தலையாட்டினாள். பிறகு, தட்டில் கிடந்த அந்த நாடாவைக் காட்டி, “இதெ நான் எடுத்துக்கட்டா?” என்றாள்.

“அய்யே! எதுக்கு?”

எப்சி தட்டிலிருந்து அதை எடுத்தாள். காகிதத்தில் மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முந்தைய நாள் மதியம் நடந்தது இது: சேகரித்த சாக்குகளைப் பிரித்துத் தரம்பிரிக்கும் கொட்டகையில் எப்சியும் கூட வேலைபார்க்கும் விஜயம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டியிருந்த ஒரு சாக்கு தானாக அசைந்தது. விஜயம்மா அலறியடித்து எழுந்து, “எலியாக்கும்! அல்லெங்கில் பாம்பாக்கும்! தொடாதே பிள்ளே!” என்று வாசல்வரை போய்விட்டாள். அவள் அங்கே போய்ச் சேர்வதற்குள் எப்சி சாக்கின் கட்டை அவிழ்த்திருந்தாள். அசைகிற எதையும் திறந்து பார்க்காமல் இருக்க அவளால் ஆகாது. சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்கு எப்படி எரிகிறது என்று பார்க்கப் போய்ப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டவள்.

சாக்கின் வாயில், பால் கவர்களுக்கு நடுவிலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

“பூச்சையாக்கும் அக்கா!”

“பூச்சையா? எடுத்து வெளிய விடு. அது அதுக்க பாட்டுக்குப் போட்டு.”

வெளியே விட எடுத்தபோதுதான் வாலைப் பார்த்தார்கள். அதன்பிறகு விஜயம்மா விதவிதமாகக் காரணம் சொன்னாள். ஊர்ப்பயல்கள் விளையாட்டுக்குக் கட்டியிருப்பான்கள் என்றாள். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றாள். கடைசியில், “பூச்சை மீன் தின்னிருக்கும். மீனுக்க உடமைக்காரி கெட்டித் தூக்கியிருப்பா. நானும் எனக்க வீட்டில வருத பூச்சையெ ஒருநாள் அங்ஙன செய்வேன், பாத்துக்கோ” என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே தன் சோற்றுப் பாத்திரத்திலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து முள் நீக்கிக் குட்டிக்கு வைத்தாள்.

எப்சிக்கு எந்தக் காரணமும் ஒத்துவரவில்லை. கொடுமை செய்கிறவர்கள் கயிற்றால் கட்டுவார்கள், கம்பியால் கட்டுவார்கள். இது முடிச்சே இல்லாமல், ஒரு சுற்றின் ஓரம் அடுத்த சுற்றின் மேல் ஏறும்படி, அடிபட்ட விரலுக்குத் துணி சுற்றுவதுபோலச் சுற்றப்பட்டிருந்தது. துன்புறுத்த நினைத்தவருக்கு இத்தனை பொறுமை எப்படி வந்தது?

வால் போன குட்டியை எப்சி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தையல் போட்ட இடத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு கூம்பு மாட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். எப்சிக்குப் பிளாஸ்டிக்கா கிடைக்காது? ஐஸ்கிரீம் டப்பா ஒன்றின் அடியை வெட்டியெடுத்து, ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்து மாட்டினாள். ஸ்ட்ராபெர்ரிப் படம் போட்ட கூம்புக்குள்ளிருந்து குட்டி உலகத்தைப் பார்த்தது. சுவரில் மோதியது. பின்னால் நகர்ந்து, சுவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடியும் மோதியது.

அவள் புருஷன் விபின் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். “இந்த ஆத்தில முதலை உண்டா?” என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், யாரிடமும் பேசவே பிடிக்காது அவனுக்கு. அன்று மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இது என்னது? டிஷ் ஆன்டெனாவா?”

“பூச்சைக்குட்டி. இஞ்ச பாருங்க, இது மூத்திரம் விடுதாண்ணு பாக்கணும். டாக்டர் சொல்லியிருக்கு.”

“நானா பாக்கணும்?”

“ரெண்டு பேரும் பாக்கணும்.”

அவனும் பார்த்தான். பார்க்காததுபோலப் பார்த்தான். எப்சி மண் நிரப்பிய தட்டை வைத்தாள். குட்டி அதில் ஏறிப் படுத்துத் தூங்கியது. மறுநாள் காலைவரை ஒரு சொட்டு இல்லை. வேலைக்குப் போகவே மனமில்லாமல் எப்சி அடுக்களைக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். நரம்பு செத்திருந்தால் பிழைக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. அவளும் பயந்துகொண்டு கேட்கவில்லை. விபின் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சீருடைச் சட்டையைக் கட்டிலிலிருந்து எடுத்தவன், “எக்கி எப்சீ!” என்று கூவினான். சட்டையின் முதுகில் மஞ்சளாக ஒரு வட்டம். பக்கத்தில் கூம்புத்தலையோடு குட்டி, ஒரு பெரிய காரியத்தை முடித்த நிம்மதியில் அமர்ந்திருந்தது.

எப்சி கைகொட்டிச் சிரித்தாள். விபினுக்கும் கோபம் வரவில்லை. அன்றைக்கு அவன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போய் மேலாளரிடம் ஏச்சு வாங்கினான். சாயங்காலம் வந்து, வாலுக்குப் பதிலாக இருந்த குட்டையான மொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மரம் வெட்டுன குற்றி மாதிரி இருக்கு” என்றான். அதன்பிறகு பெயர் குற்றி என்றே நிலைத்துவிட்டது.

வால் இல்லாத பூனை எப்படி உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது என்று எப்சி மணிக்கணக்காகப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து குதித்தால் குற்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். எழுந்து, யாரோ தள்ளிவிட்டதுபோலச் சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு குதிப்பதற்கு முன்பு பின்கால்களை அகட்டி வைக்கக் கற்றுக்கொண்டது. எப்சி கழற்றிப்போட்ட மேலங்கியின் கைக்குள் நுழைந்து, மறுமுனையில் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு தூங்கியது. அவள் எழுந்து நடந்தால் அதுவும் எழுந்து நடந்தது. இப்படி ஒரு உயிர் தன் பின்னாலேயே வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இனி இதைப் பிரிந்து இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியிருந்தும் அந்தக் காகிதப் பொட்டலத்தை அவள் தூக்கி எறியவில்லை. அடிக்கடி எடுத்துப் பார்த்தாள்.

“ஆரு கட்டுனதுண்ணு தேடப்போறியா?” என்று கேட்டான் விபின். “வேண்டாம் கேட்டியா. கெட்டவனா இருந்தா சண்டை வரும். நல்லவனா இருந்தா குட்டியெ திரும்பக் கேப்பான். ரெண்டும் நமக்கு நஷ்டமாக்கும்.”

அவன் சொன்னது நியாயம்தான். குற்றியும் வேண்டும், யார் கட்டியது என்றும் தெரிய வேண்டும் என்றால், ஒன்று மற்றொன்றைக் கொண்டுபோய்விடக்கூடும். எப்சி ஒரு நாள் முழுக்கத் தேடாமல் இருந்து பார்த்தாள். முடியவில்லை.

சாக்குகளை வண்டி வரும்வரை வாய்க்கால் பாலத்தின் அருகேதான் குவித்து வைப்பார்கள். சாக்கின் வாயைக் கட்டும்முன் அங்கேதான் குட்டி உள்ளே ஏறியிருக்க வேண்டும். ஆகவே, பாலத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் ஏதோ ஒன்று. விடுபட்ட வீடுகளுக்காக அந்தப் பக்கம் மறுபடி போனபோது, பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டே, “இஞ்ச பூச்சை உண்டா?” என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

ஷீனாவின் வீட்டில் அது வம்பாகிவிட்டது. “பூச்சையும் எடுப்பியளா?” என்று அவள் முகம் மலர்ந்தது. “நிக்கணும், நிக்கணும்! வெறகுப்பெரையில மூணு கெடக்கு. கழுவி ஒணக்கித் தரணுமா?”

“எடுக்க மாட்டோம் ஷீனா. சும்மா கேட்டது.”

“பழைய செருப்பெ கேட்டா எடுக்க மாட்டிய. பூச்சையெ கேட்டாலும் எடுக்க மாட்டிய. பின்ன எதுக்கு வாறிய?”

விஜயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இனி நீ பூச்சைண்ணு வாயெ தொறக்கப்பிடாது” என்று எப்சியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்தது ஞானையனின் வீடு. ஏறக்குறைய நூறு மரம் குத்தகைக்கு எடுத்து ரப்பர் வெட்டுகிறவர். முற்றத்தில் அமர்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் பெருவிரலைப் பார்த்ததும் எப்சியின் கால்கள் தானாக நின்றன. விரலின் மேல் பழுப்பாக, பளபளப்பாக, இன்னொரு தோல்போல ஏதோ ஒட்டியிருந்தது.

“மாமா, கையில அது என்னது?”

“இதா? கத்தி பட்டது. பாலு தேச்சு விட்டிருக்கேன்.”

“ரப்பர் பாலா?”

“பின்னெ எருமைப்பாலா? கம்யூனிஸ்ட் பச்சைச் செடிக்க எலையெ கசக்கி வெச்சு, மேல பாலெ தேச்சா மதி. காத்தும் போவாது, வெள்ளமும் போவாது. முறிவு கூடி ஆறுனா தானே உரிஞ்சு போவும். எதுக்கு பிள்ளே ஆசுபத்திரி?”

எப்சி பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். ஞானையன் நாடாவை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தார். “இது ஒட்டுப்பாலாக்கும். மரத்தில வெட்டுவாயில ஒணங்கி நாடா மாதிரி ஒட்டியிருக்குமே, அது. மேல பச்சைப்பாலும் தேச்சிருக்கு. ஆருக்கு முறிவு?”

“பூச்சைக்கு.”

“பூச்சைக்கா!” அவர் கத்தியைக் கீழே வைத்தார். “எனக்க கையெ கெட்டவே எனக்கு நேரமில்ல. பூச்சைக்கும் ஆட்டுக்கும் ஒக்கெ கெட்டுனா அது ஓமனாவாக்கும். அவளுக்க ஆட்டுக்குக் காலு ஒடிஞ்சப்ப, மடலு வெச்சு கெட்டி, அதுக்க மேல ஒட்டுப்பாலெ சுத்தி விட்டா. ஆடு பந்து மாதிரி துள்ளிச்சு.”

அங்கிருந்து கிளம்பும்முன், மரத்தடிச் சிரட்டையில் நின்றிருந்த பாலில் விரலைத் தோய்த்து, எப்சி தன் முன்கையில் ஒரு வளையல்போலச் சுற்றித் தடவிக்கொண்டாள். “உனக்குத் தலைக்குச் சுகமில்ல” என்றாள் விஜயம்மா. தடவியபோது குளிர்ச்சியாக, சுகமாக இருந்தது. இரண்டு வீடு தாண்டுவதற்குள் வெள்ளை நிறம் போய் மஞ்சளாயிற்று. வெயில் ஏற ஏறத் தோலைப் பிடித்துச் சுருக்கியது. உரித்தபோது கையிலிருந்த மெல்லிய மயிர் எல்லாம் வேரோடு வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடர்ந்த மயிர் மூடிய வாலில், அதுவும் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றி, அதன்மேல் இதைத் தேய்த்தால்? எப்சி கையைத் தடவிக்கொண்டே நடந்தாள். கட்டியவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. காலமெல்லாம் தன் விரலில் போட்டுப் பலன் கண்ட மருந்தைத்தான் அவர் பூனைக்கும் போட்டிருக்கிறார்.

தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். விஜயம்மாவும் அதைத்தான் சொன்னாள்: “அறிஞ்சாச்சு இல்லியா? இனி வீட்டுக்கு நட.” ஆனால் ஓமனாவின் வீட்டுக்குப் போகும் இறக்கத்தில் எப்சி இறங்கத் தொடங்கியிருந்தாள். விஜயம்மா சாக்குகளோடு மேலேயே நின்றுகொண்டாள்.

ஓமனா கொட்டகையில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொடும் வயது, ஒடிசலான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. உறைந்த பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றினாள். மறுபுறம் வெள்ளைப் பாய்போல ஷீட் வழிந்து வந்தது. அவள் இடது மணிக்கட்டில் நகக்கீறல்களின் தழும்பு, வரிவரியாக.

“பிளாஸ்டிக் ஒக்கெ அன்னைக்கே தந்தேனே மக்கா?”

“அதுக்கில்ல ஓமனாக்கா. இஞ்ச ஒரு பூச்சைக்குட்டி உண்டா?”

சக்கரம் நின்றது.

“இருந்துது” என்றாள் ஓமனா. “வெள்ளையும் மஞ்சளும். நீ எங்கயாவது கண்டியா?”

எப்சி பதில் சொல்வதற்குள் அவளே பேசத் தொடங்கினாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

“இந்த ஷீட்டு எறங்கி வரச்சில அது தாவித்தாவிப் பிடிக்கும். அதுக்கு அது வெளையாட்டு. எத்தற வெரட்டுனாலும் போவாது. அன்னைக்கு வாலு உருளையில கேறிச்சு. கொஞ்சம்தான். ஒடனே நான் சக்கரத்தெ பின்னோட்டு சுத்துனேன். ரத்தம். எலையெ கசக்கி வெச்சேன். ஒட்டுப்பாலெ சுத்துனேன். நனையாம இருக்கட்டும்ணு மேல பாலும் தேச்சேன். நல்லாத்தான் கெட்டுனேன் பிள்ளே. எனக்க கையில எத்தற கெட்டு கெட்டியிருக்கேன்.” மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். “மறுநாளும் கத்திச்சு. அவுக்கப் பாத்தேன். முடியோட ஒட்டிப்போச்சு. வலிச்சு இழுத்தேன். கையெ மாந்திட்டு ஓடுனதாக்கும். பெறவு இந்தப் பக்கம் வரல்ல. வாய்க்காலு பூரா விளிச்சுப் பாத்தேன்.”

இறக்கத்தில் வரும்போது எப்சி ஒன்றைத் தீர்மானித்திருந்தாள்: பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும், தன்னிடம் குட்டி இருப்பதைச் சொல்லக் கூடாது. அது ஓமனாவின் முகத்தைப் பார்க்கும்முன் எடுத்த தீர்மானம்.

“எனக்க வீட்டில உண்டு அக்கா” என்றாள்.

ஓமனாவின் கை சட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டது. “உயிரோடயா?”

“உயிரோட. நல்லா தின்னுது. சாளை மீன்ணா உயிரு. எனக்க மேலங்கிக்கு உள்ளதான் கெடப்பு.”

“வாலு?”

“வெட்டியாச்சு.”

ஓமனா தலையை ஆட்டினாள். பிறகு, தான் கேட்பது தனக்கே கேட்கக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில், “இந்த மிஷினிலயா போச்சு, எனக்க கெட்டிலயா போச்சு?” என்றாள்.

மிஷினில் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். அது இந்தப் பெண்ணுக்கும் ஆறுதல், எப்சிக்கும் ஒரு சுமை குறைவு. ஆனால் இத்தனை நாளாக ஒரு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உண்மை என்ன என்று அலைந்தவளுக்கு, அதே கேள்வியை இன்னொருத்தி கேட்கும்போது பொய் சொல்ல நா எழவில்லை.

“கெட்டிலயாக்கும் அக்கா. இறுகிப்போச்சு. முறிவு உணங்கத் தொடங்கியிருந்துதுண்ணு டாக்டர் சொல்லிச்சு. எலை நல்லதாட்டு பிடிச்சிருக்கு.”

ஓமனா அழவில்லை. பாதியில் நின்ற ஷீட்டை முழுவதும் சுற்றி எடுத்து, உதறி, கயிற்றில் விரித்துப் போட்டாள். ஓரங்களை இழுத்து நேராக்கினாள். அதிலிருந்து சொட்டிய நீர் சிமெண்டுத் தரையில் சிறு ஓடையாக ஓடியது. மேலே சாலையிலிருந்து விஜயம்மா, “எப்சீ, வண்டி வந்தாச்சு!” என்று கூப்பிட்டாள்.

எப்சி நகரவில்லை. இனி என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். என்னுடையதைத் தா என்பாள். அப்படிக் கேட்டால் சொல்வதற்கு எப்சி பதில்களைத் தயாராகத்தான் வைத்திருந்தாள்: தையல் இன்னும் ஆறவில்லை, டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், இங்கே மிஷின் இருக்கிறது.

ஓமனா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“எனக்கு அதெ தரணும்ணு நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “பக்ஷே ஒண்ணு எனக்கு அறியணும் மக்கா. அதுக்கு என்னெ கண்டா பேடியா, இல்லியாண்ணு. நீ ஒருக்கா அதெ இஞ்ச கொண்டு வந்து, நமக்கு ரெண்டு பேருக்கும் நடுவில எறக்கி விடுவியா? நான் விளிக்க மாட்டேன். மீனும் காட்ட மாட்டேன். சும்மா நிக்கேன். நீயும் விளிக்கப்பிடாது. அது எங்கோட்டு போவுதுண்ணு மட்டும் பாப்போம். கொண்டு வருவியா?”